புதிய எஸ்எஸ்டியின் மேல் பழி போடுவதற்கு முன்

மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடையும் அதற்குள்ளேயே இணையச் சேவையும் நடத்திவரும் என் சித்தப்பாவின் கணினி, எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு டிஸ்க்) போட்ட பிறகு சில மாதங்கள் நன்றாகவே ஓடியது. உள்ளேயே இருந்த பழைய ஹார்டு டிஸ்க் சத்தம் போடத் தொடங்கியதால் அதைக் கழற்றியபோதுதான் சிக்கல் வந்தது. விண்டோஸ் வரவில்லை, சரியான பூட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒற்றை வரி மட்டும் கறுப்புத் திரையில் நின்றது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்காகச் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல் என்று கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் காத்திருக்கும் நேரம் அது. எஸ்எஸ்டியைப் பொருத்திக் கொடுத்த கடையில் கேட்டால், "புது டிஸ்க்கே சொத்தைன்னு சொல்லிட்டாங்க தம்பி, வேற வாங்கணுமாம்" என்றார் சித்தப்பா.

டிஸ்க் சொத்தையா என்பதைப் பார்க்க அதிக நேரம் ஆகாது. கணினியை இயக்கியதும் டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போனால், இணைக்கப்பட்டுள்ள டிஸ்க்குகளின் பட்டியல் தெரியும். அதில் எஸ்எஸ்டியின் பெயரும் கொள்ளளவும் சரியாக வந்தால், டிஸ்க்கைச் சந்தேகிப்பதை ஒத்திவைக்கலாம். பெயரே வராவிட்டால் முதலில் கேபிளையும், அது மதர்போர்டில் செருகப்படும் சாட்டா போர்ட்டையும் மாற்றிப் பார்க்க வேண்டும். கேபிள் இல்லாமல் மதர்போர்டிலேயே செருகும் எம்.2 வகையாக இருந்தால், அந்த ஸ்லாட் சாட்டாவை ஏற்கிறதா, அதைவிட வேகமான என்விஎம்இ முறையை ஏற்கிறதா என்று மதர்போர்டு கையேட்டில் பார்ப்பது அவசியம். இரண்டும் ஒரே நீள அகலத்தில் வருவதால், சரியாகப் பொருந்தி உட்கார்ந்தும் கணினியின் கண்ணுக்கே தெரியாமல் போவது உண்டு.

சித்தப்பாவின் கணினியில் டிஸ்க் பட்டியலில் எஸ்எஸ்டி இருந்தது. பூட் வரிசையில்தான் எதுவுமே இல்லை. யுஇஎஃப்ஐ என்ற புதிய பயாஸ் முறையில் இயங்கும் கணினி, டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கிறதா என்று தேடுவதில்லை. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்ட சிறிய இஎஃப்ஐ பகுதி ஒன்றைத் தேடி, அதிலுள்ள பூட் கோப்பைத்தான் இயக்கும். பழைய ஹார்டு டிஸ்க் இணைந்திருக்கும்போதே எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் நிறுவினால், நிறுவும் நிரல் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பகுதியிலேயே பூட் கோப்புகளை வைத்துவிடக்கூடும். விண்டோஸ் புதியதில், அதைத் தொடங்கிவைக்கும் கோப்பு பழையதில் என்ற நிலையில், இரண்டும் சேர்ந்து இருக்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. நிறுவும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைப்பது அரை நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டுவிட்டுப் பிறகு டிஸ்க்கைக் குறை சொல்வது எனக்குச் சற்று எரிச்சலாகவே இருக்கிறது.

விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் பூட் செய்து, முதல் திரையிலேயே ஷிஃப்ட்டுடன் எஃப்10 அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் டிஸ்க்பார்ட் என்ற கருவியை இயக்கி டிஸ்க்குகளைப் பட்டியலிட்டபோது, ஜிபிடி (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் புதிய முறை) என்ற பத்தியில் எஸ்எஸ்டிக்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. பகுதிகளைப் பட்டியலிட்டால் 16 எம்பி ரிசர்வ்டு பகுதியும் விண்டோஸ் இருக்கும் பெரிய பகுதியும் மட்டுமே வந்தன. இஎஃப்ஐ பகுதி இல்லவே இல்லை. பெரிய பகுதியைக் கொஞ்சம் சுருக்கி, கிடைத்த இடத்தில் 200 எம்பி இஎஃப்ஐ பகுதியை உருவாக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, அதற்கு எஸ் என்ற எழுத்தைக் கொடுத்தேன். பிறகு விண்டோஸ் கோப்புறையைக் காட்டி பிசிடிபூட் கட்டளையைக் கொடுத்ததும், பூட் கோப்புகள் உருவாகிவிட்டதாக ஒரு வரி வந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: பென் டிரைவில் பூட் செய்யும்போது சி என்று காட்டப்படுவது உங்கள் சி டிரைவாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே உள்ளே விண்டோஸ் கோப்புறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கட்டளை கொடுங்கள்.

நட்சத்திரக் குறி இல்லாமல், டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் வழி வேறு. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. தரவை அழிக்காமலே டிஸ்க்கை மாற்றித் தரும். அதன் பிறகு பயாஸிலும் லெகசி என்ற பழைய பூட் முறையிலிருந்து யுஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும்.

டெல்டாப் பக்கத்துக் கடைகளில் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு காரணம், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. இரவு கடை அடைக்கும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். மின் இணைப்பு இருக்கும்வரை பயாஸ் அமைப்புகளைக் காக்க அந்தப் பேட்டரிக்கு வேலையில்லை. இணைப்பு அறுந்தால் முழுப் பொறுப்பும் அதனுடையது. பேட்டரி தீர்ந்திருந்தால் காலையில் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியிருக்கும். யுஇஎஃப்ஐ லெகசியாகவோ, சாட்டா டிஸ்க்குகளைக் கையாளும் முறை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டாகவோ மாறியிருந்தால், நேற்று ஓடிய எஸ்எஸ்டி இன்று பூட் ஆகாது. தேதி பல வருடங்கள் பின்னால் போயிருப்பதும், அரசு இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று உலாவி மிரட்டுவதும் இதற்கான அடையாளங்கள். இந்தப் பேட்டரி கைக்கடிகாரக் கடைகளிலேயே கிடைக்கும்.

பழைய ஹார்டு டிஸ்க்கைச் சித்தப்பாவின் கணினியில் மறுபடி பொருத்தவில்லை. அதிலிருந்த வாடிக்கையாளர் கோப்புகளை யுஎஸ்பி உறை வழியாக எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துக் கொடுத்துவிட்டேன்.