வோரிக் தேவாலயத்தில் மூன்று வயதுப் பிரபுவின் கல்லறை

இங்கிலாந்தின் வோரிக் நகரிலுள்ள புனித மரியாள் தேவாலயத்தில், பீச்சம் சிற்றாலயம் எனப்படும் பகுதியின் தெற்குச் சுவரோரமாக ஒரு குழந்தையின் நினைவுக் கல்லறை இருக்கிறது. கல்லில் வடிக்கப்பட்ட அந்தச் சிறுவன், அக்காலத்துச் சின்னஞ்சிறு ஆண்பிள்ளைகள் அணிந்த நீண்ட அங்கியோடும், தலையைச் சுற்றிய சிறு மகுடத்தோடும் மல்லாந்து படுத்திருக்கிறான். அவனுடைய காலடியில் வோரிக் பிரபுக்களின் இலச்சினையான கரடி கிடக்கிறது. பெயர் றொபேட் டட்லி, டென்பிச் சீமையின் பிரபு. 1581ஆம் ஆண்டு ஜூனில் பிறந்து, 1584ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, எசெக்ஸ் மாவட்டத்து வான்ஸ்டெட் மாளிகையில் இறந்துபோனவன்.

தந்தையின் பெயரும் றொபேட் டட்லிதான். முதலாம் எலிசபெத் மகாராணியின் மனத்துக்கு மிக நெருக்கமானவரென்று ஊரும் உலகும் அறிந்த லெஸ்டர் பிரபு அவர். அவர் 1578இல் லெட்டிஸ் என்ற விதவையை இரகசியமாக மணந்துகொண்டதை அறிந்த மகாராணி, லெட்டிஸை அரசவையிலிருந்து விலக்கிவைத்தார்; அந்தக் கோபம் கடைசிவரை முழுமையாக ஆறவேயில்லை. அப்படிப்பட்ட மணத்தில் பிறந்த இந்த ஆண்பிள்ளை மீது இரண்டு பிரபுப் பட்டங்களின் எதிர்காலம் தங்கியிருந்தது. தந்தைக்கு இவன் ஒருவனே முறைப்படியான வாரிசு. தந்தையின் அண்ணனும் வோரிக் பிரபுவுமான அம்புறோசுக்கோ பிள்ளையே இல்லை. அரியணைக்கு உரிமை கொண்டாடக்கூடிய அரபெல்லா ஸ்டூவர்ட் என்ற சிறுமிக்கு இவனை மணம்பேசவும் முயன்றிருக்கிறார்கள். நடக்கப் பழகிய காலத்திலேயே ஓர் அரசியல் கணக்கின் நடுவே வைக்கப்பட்ட பிள்ளை இவன்.

லண்டனில் இருக்கும் என் தங்கையின் குடும்பத்தாரோடு சென்று இந்தக் கல்லறையைப் பார்த்தேன். சிற்பத்தைவிட அதன் மேலுள்ள கல்வெட்டே என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. அது குழந்தையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னர் வம்சத்தைச் சொல்கிறது. இவன் லெஸ்டர் பிரபுவின் மகன். வோரிக் பிரபு அம்புறோசின் வாரிசு. அவ்விருவரும் நோதம்பர்லாந்துக் கோமகன் ஜோனின் புதல்வர்கள். ஜோன், லைல் பிரபுவான ஜோன் கிரேயின் வாரிசு. அவர், அவருக்கு முந்திய லைல் பிரபு தோமஸ் டால்பொட்டின் வாரிசு. தோமஸ், சுறூஸ்பரிச் சீமாட்டி மார்கிரட்டின் வாரிசு. மார்கிரட், இதே சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் றிச்சட் பீச்சமின் மூத்த மகள் என்று அந்தச் சங்கிலி போய் முடிகிறது. 1439இல் இறந்த றிச்சட்டின் பொன்முலாம் பூசிய உருவம் சிற்றாலயத்தின் நடுவே கிடக்கிறது. அவருக்காகவே அந்தச் சிற்றாலயம் கட்டப்பட்டது. வான்ஸ்டெட்டில் இறந்த பிள்ளையை ஏன் அவ்வளவு தூரம் கொண்டுவந்து வோரிக்கில் அடக்கினார்கள் என்பதற்கு இந்தச் சங்கிலியே விடை. பூட்டன் பாட்டன்மாரின் நிழலில் கிடத்தி, வோரிக் மண்ணில் தங்களுக்குள்ள பழைய உரிமையைக் கல்லில் எழுதிவைத்தார்கள்.

மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த ஒருவர் இந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை கண்ணில் படும். நோதம்பர்லாந்துக் கோமகனுக்கு ஜோன் கிரே தாய்மாமன். ஜோன் கிரேயின் தாய்மாமன்தான் தோமஸ் டால்பொட். தோமஸ் 1470இல் நிப்லி கிறீன் என்ற இடத்தில் நடந்த சண்டையில் பிள்ளையில்லாமல் கொல்லப்பட்டதால், உரிமை அவருடைய சகோதரி எலிசபெத் வழியாக இறங்கியது; கிரேயின் வழியும் அற்றுப்போக, இன்னொரு எலிசபெத்தான அவருடைய சகோதரி வழியாக டட்லிகளிடம் வந்தது. மாமனிடமிருந்து மருமகனுக்கு இரு தடவைகள் கைமாறி, அதற்கும் மேலே மார்கிரட் என்ற பெண்ணின் ஊடாகவே அந்த வம்சம் பீச்சமைச் சென்றடைகிறது. முதுசொம் எனப்படும் பரம்பரைச் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்கே சேரும் என்ற, மட்டக்களப்பு முக்குவர் சமூகத்தாரின் வழமை பிரித்தானியர் காலத்தில் வழக்கொழிந்தாலும், தாய்வழிக் குடியை இன்றும் சொல்லிக்கொள்ளும் நம்மவருக்கு, கொக்கட்டிச்சோலையிலும் திருக்கோவிலிலும் கோயில் உரிமை குடிவழி பார்த்து வழங்கப்படுவதைக் கண்ட நமக்கு, இது புதிராகத் தோன்றாது. வேறுபாடு ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அங்கே ஆண்வழி அற்றுப்போன இடத்தில்தான் பெண்வழி திறந்தது, மட்டக்களப்பிலோ வயிற்றுவார் எனப்படும் தாய்வழியே முதல் விதியாக இருந்தது.

எனக்கு மனத்தாங்கலாக இருப்பது இதுதான். இரண்டு எலிசபெத்துகளின் பெயரும் அந்தக் கல்வெட்டில் இல்லை. அவர்களின் சகோதரர்கள் இருக்கிறார்கள். உரிமையைத் தம் வயிற்றில் சுமந்து கொடுத்தவர்கள் இல்லை. பிள்ளையைப் பெற்ற லெட்டிஸின் பெயரும் இல்லை. மகாராணியின் கோபத்துக்கு அஞ்சியே தாயின் பெயரைத் தவிர்த்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் சொத்துரிமையைக் கொண்டுவராத எவருக்கும் அந்தச் சங்கிலியில் இடமில்லை என்பதே பொருத்தமான காரணமென்று நான் கருதுகிறேன். எப்படியிருந்தாலும், பெற்றவளைச் சொல்லாமல் பிள்ளையின் கல்லறையை எழுதி முடிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆயினும் அந்தக் கல்லறை முழுவதும் கணக்கும் பெருமையும்தான் என்று சொல்வது அநியாயம். வம்சம் முடிந்த இடத்தில், பெரும் குலத்தில் பிறந்த இவன் அதனிலும் பெரிய நம்பிக்கைக்கு உரியவனாக இருந்தான் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அதை எழுதியவர்களுக்குத் துயரம் தெரிந்திருக்கிறது. பிள்ளை இறந்த செய்தி வந்ததும் லெஸ்டர் அனுமதியும் பெறாமல் அரசவையை விட்டுப் புறப்பட்டு மனைவியிடம் சென்றார். ஒரேயொரு சின்ன மகனை இழந்து வருந்தும் மனைவியைத் தேற்றவே போனதாகப் பின்னர் கடிதத்தில் விளக்கமும் எழுதினார். மகாராணியின் முகக்குறிப்பைப் பார்த்தே வாழ்ந்த ஒரு மனிதர் அப்படிச் செய்தார் என்பது சிறிய செய்தியல்ல.

1588 செப்டெம்பரில் லெஸ்டர் இறந்தபோது, தம் விருப்பப்படியே அதே சிற்றாலயத்தில், மகனுக்கு எதிர்ப்புறமாக, வடக்குச் சுவரோரம் அடக்கப்பட்டார். அம்புறோசும் 1590இல் பிள்ளையில்லாமல் இறந்து அங்கேயே வந்து சேர்ந்தார். லெஸ்டருக்கு முறைமணத்துக்குப் புறம்பே பிறந்த, அதே பெயர் கொண்ட இன்னொரு மகன் இருந்தார். அவர் தம்மை உரிய வாரிசென்று நிறுவ வழக்காடித் தோற்று, 1605இல் இத்தாலிக்குப் போய்விட்டார். 1694இல் வோரிக் நகரை எரித்த பெருந்தீ தேவாலயத்தின் பெரும்பகுதியை அழித்தபோதிலும், சிற்றாலயம் தப்பியது. இன்று நாம் காண்பது அந்தப் பழைய கல்லறைகளையேதான்.

லெட்டிஸ் இவர்கள் எல்லோருக்கும் பின்னர் நெடுங்காலம் உயிரோடிருந்து, 1634இல், தொண்ணூறு வயதைத் தாண்டி இறந்தார். தாம் கேட்டுக்கொண்டபடியே வோரிக்கில் கணவருக்கு அருகில் அடக்கப்பட்டார். அதற்கு முன்பே, 1618இல், சின்ன றொபேட்டுக்குச் சேர்ந்திருக்க வேண்டிய லெஸ்டர் பட்டம் மீண்டும் உயிர்பெற்றதையும் அவர் கண்டார். அது போய்ச் சேர்ந்தது றொபேட் சிட்னி என்பவரிடம்: லெஸ்டரின் சகோதரி மேரியின் மகன், மூன்றாவது தடவையாகவும் ஒரு மருமகன்.