உயெல்குவாத்தில் சில நாள்கள்

பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனிப் பகுதிக்குச் செல்வோர் பெரும்பாலும் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதால், ஃபினிஸ்தேர் மாவட்டத்தின் உட்பகுதியில் உள்ள உயெல்குவாத் என்ற சிற்றூர் கோடையிலும் அமைதியாகவே இருக்கிறது. ஊரையொட்டிய ஏரி இயற்கையானதன்று. அருகிலிருந்த ஈய, வெள்ளிச் சுரங்கங்களுக்கு நீர் கொண்டுசெல்ல 18ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டது.

ஏரி வழிந்தோடும் இடத்திலிருந்தே காடு தொடங்குகிறது. பாசி படர்ந்த மாபெரும் கருங்கற் பாறைகள் ஓடையை மூடியபடி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றுள் 100 டன்னுக்கும் மிகுந்த எடை கொண்ட ‘நடுங்கும் பாறை’, சரியான இடத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் மெல்ல அசைகிறது. அந்த இடத்தை உள்ளூர்ச் சிறுவர்களே நன்கு அறிவார்கள். 1987 அக்டோபர்ப் புயலில் இக்காட்டின் பெரும்பகுதி சாய்ந்துபோனது என்பதை இன்றைய பசுமையைப் பார்ப்பவர் நம்புவது கடினம்.

மேற்கே, அர்ரே மலைத்தொடரில் மரங்கள் மறைந்து புதர்வெளி விரிகிறது. அதன் உச்சி 385 மீட்டர்தான் என்பதால் மலை என்பது சற்று மிகையே. ஆயினும், 2022 கோடைத் தீயில் கருகிய அச்சரிவுகளில் காற்றை எதிர்த்து நடந்தபோது, அப்பெயரைக் குறைசொல்ல எனக்குத் தோன்றவில்லை.