ஆய்வுத் தலைப்பை முடிவு செய்யும் முன் ஒரு வாரம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நில்லுங்கள்

"மேடம், டயக்னாஸ்டிக்ஸ்ல பிஎச்.டி. பண்ணணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" எம்.எஸ்சி. முடிக்கப்போகும் மாணவர்கள் வருடா வருடம் என்னிடம் கேட்பது இது. நோயைக் கண்டறியும் பரிசோதனைகளை உருவாக்கும் துறை அது. முதலில் உதவித்தொகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டுவது நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மிகவும் கஷ்டம்.

ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகையைப் பெறுவதற்கான தேசியத் தேர்வுகளில் ஒன்று சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட். அதன் உயிர் அறிவியல் தாளுக்கு 200 மதிப்பெண். அதில் பாதி சி பகுதிக்கு. 75 கேள்விகளில் 25-க்கு விடை எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். தப்பானால் ஒரு மதிப்பெண் போய்விடும். முதல் தடவை 13 அலகுகளையும் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போனேன், ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை மூலக்கூறுகள், செல்லின் அடிப்படைச் செயல்பாடுகள், நோயெதிர்ப்பியல், ஆய்வு முறைகள் இவற்றை மட்டும் ஆழமாகப் படித்தேன், கிடைத்தது. ஆய்வு முறைகளை நிறையப் பேர் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நம் துறைக்கு வருகிறவர்கள் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். தொகை மாதம் 37,000 ரூபாய். பொறியியல் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு கேட் (GATE) தேர்வில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் தாள் இருக்கிறது.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அப்புறம்தான் நான் செய்த பெரிய தப்பு வருகிறது.

என் தலைப்பு கிரியேட்டினின் சென்சார். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் பொருள் அது. 1886-ல் மாக்ஸ் ஜாஃபே கண்டறிந்த பிக்ரிக் அமில வினையைத்தான் இன்றைக்கும் பல பரிசோதனைக் கூடங்கள் நம்பியிருக்கின்றன. ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் காமாலையில் கூடும் நிறமி) கூடினாலோ, கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) இருந்தாலோ அதில் அளவு பிசகும். அதற்கு மாற்றாக, மூன்று நொதிகள் வரிசையாக வேலை செய்து கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும்படி ஒரு மின்முனை செய்தேன். பெராக்சைடு அந்த மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது வரும் மின்னோட்டம்தான் அளவு. பஃபரில், அதாவது அமிலத்தன்மை மாறாத சுத்தமான உப்புக் கரைசலில், கிரியேட்டினின் அளவுக்கும் மின்னோட்டத்துக்கும் வரைந்த கோடு அவ்வளவு நேராக வந்தது. இரண்டரை வருடம் பஃபரிலேயே ஓட்டினேன்.

முதன்முதலாக நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை) விட்ட நாளில் எல்லா எண்ணும் தாறுமாறாக வந்தது. சீரத்தில் இருக்கும் யூரிக் அமிலமும் வைட்டமின் சி-யும் அதே மின்னழுத்தத்தில் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. புரதங்கள் மின்முனைமேல் படிந்து அடைத்துக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, ரத்தத்தில் இயல்பாகவே உள்ள கிரியேட்டின் என்ற வேறொரு பொருளையும் என் இரண்டாவது நொதி சிதைத்து, அதையும் சேர்த்துக் கணக்குக் காட்டியது. யூரிக் அமிலத்தைத் தடுக்க நேஃபியான் என்ற பாலிமர் படலம் போட்டு, கிரியேட்டினுக்குத் தனியாக இன்னொரு மின்முனை வைத்து அதன் அளவைக் கழித்து, எல்லாவற்றையும் சரிசெய்ய மேலும் இரண்டு வருடம் ஆயிற்று.

இந்தப் பிரச்சினைகள் எல்லாம் ஆய்வுக்கட்டுரைகளில் ஏற்கெனவே இருந்தவைதான். நானும் படித்திருந்தேன். ஆனால் மஞ்சள் பூத்த சீரத்தையும், ரத்த அணுக்கள் உடைந்து சிவந்துபோன சீரத்தையும் கண்ணால் பார்க்காததால், அந்த வரிகள் எனக்கு உறைக்கவில்லை. ஒரு மருத்துவமனைக் கூடத்தில் மூத்த டெக்னீஷியன் அக்கா ஒருவர் ஒரே காலையில் எனக்குக் காட்டியது, அதுவரை நான் படித்ததைவிட அதிகம்.

அதனால், சேர்ந்த முதல் ஆறு மாதத்துக்குள் கைடிடம் சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வாரம் பரிசோதனைக் கூடத்தில் நில்லுங்கள். எந்த மூடி நிறக் குழாயில் எந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறார்கள், எவ்வளவு நேரம் வைக்கிறார்கள், எந்த மாதிரியைத் திருப்பி அனுப்புகிறார்கள், எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். நோயாளியின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தையும் முதல் வருடமே கொடுத்துவிடுங்கள். அந்த அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம். அது இல்லாமல் ஒரு சொட்டு ரத்தத்தையும் ஆய்வுக்கு எடுக்கக் கூடாது.

கற்பித்தலைப் பற்றியும் கேட்கிறார்கள். யுஜிசி விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. ஆராய்ச்சிக்கான நேரம் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் என் ஆராய்ச்சியைத் தெளிவாக்கியது வகுப்பறைதான் என்று உறுதியாகச் சொல்வேன். 95 சதவீத நோயாளிகளையும் 95 சதவீத நலமானவர்களையும் சரியாகச் சொல்லும் பரிசோதனை ஒன்று இருக்கிறது, 10,000 பேரில் 100 பேருக்கு நோய் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுக் கணக்குப் போடச் சொல்வேன். உண்மையான நோயாளிகளில் 95 பேர் பாசிட்டிவ். நோயே இல்லாத 9,900 பேரிலும் 495 பேர் பாசிட்டிவ். ஆக, பாசிட்டிவ் வந்தவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேருக்குத்தான் நோய். வகுப்பு அமைதியாகிவிடும். என் சென்சாரை எந்த நோயாளிக்கு, எந்த நேரத்தில் பயன்படுத்த வேண்டும் என்று நானே யோசிக்கத் தொடங்கியது அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான்.

இப்போது என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி கூடத்தில் நின்ற வாரத்தில் ஒன்றைக் குறித்து வந்தாள். சீரத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கும் ரத்தத்தில் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு மணி அளவு குறையும். தூரத்துச் சேகரிப்பு மையங்களிலிருந்து வரும் குழாய்கள் எத்தனை மணி நேரம் அப்படியே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்து, அதையே தலைப்பாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.