வாஷிங்டன் பயணத்துக்கு முன் ஒரு பெயர்ச் சிக்கல்

டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடமேற்கே குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தும், எங்கள் வீட்டுக்கு மின்சாரம் தருவது ஒரு கூட்டுறவுச் சங்கம் என்பதையோ, மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் நான் அதில் உறுப்பினன், அதாவது அதன் உரிமையாளர்களில் ஒருவன் என்பதையோ பொருட்படுத்தியதே இல்லை. ஊரில் மின்வாரியத்துக்குக் கட்டிப் பழகியவனுக்குக் கரண்ட் பில் என்றால் கரண்ட் பில்தான். பதினோராம் வகுப்பில் படித்த மகள் பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டு வந்து, "அப்பா, நாம் இந்தச் சங்கத்தில் உறுப்பினரா?" என்று கேட்ட பிறகுதான் பில்லை முழுதாகப் படித்தேன்.

அந்தத் தாள் 'யூத் டூர்' பற்றியது. அமெரிக்காவின் மின் கூட்டுறவுச் சங்கங்கள் தத்தம் பகுதி உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு ஜூன் மாதமும் தம் செலவில் வாஷிங்டனுக்கு அனுப்பும் திட்டம் அது. 1957இல் சிகாகோவில் நடந்த மின் கூட்டுறவுகளின் தேசிய மாநாட்டில், அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் இளைஞர்களைத் தலைநகருக்கு அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். மறு ஆண்டு அயோவாவிலிருந்து முதல் குழு கிளம்பியது. 1964 முதல் மின் கூட்டுறவுகளின் தேசியச் சங்கமே இதை ஒருங்கிணைக்கிறது.

விண்ணப்பப் படிவம், ஒரு கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், அதன்பின் நேர்காணல். கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. நாங்கள் சிக்கியது எவரும் எதிர்பாராத இடத்தில். விண்ணப்பிக்கும் மாணவர் உறுப்பினரின் வீட்டைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. மின் இணைப்பு என் பெயரில் இருக்கிறது. என் கடைசிப் பெயர் என் தந்தையின் பெயர். மகளின் கடைசிப் பெயரோ என் பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அலுவலருக்கு நாங்கள் இரு வேறு குடும்பங்களாகத் தெரிந்ததில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. விண்ணப்பம் திரும்பி வந்தபோது கடைசி நாளுக்கு நான்கு நாட்களே மீதமிருந்தன. தமிழர்கள் தந்தை பெயரைக் கடைசிப் பெயராகக் கொள்ளும் வழக்கத்தைத் தொலைபேசியில் இரண்டு முறை விளக்கியும் பயனில்லாமல், பிறப்புச் சான்றிதழையும் பள்ளியில் பதிவான முகவரியையும் ஒரு விளக்கக் கடிதத்தோடு சேர்த்து நேரில் கொண்டு போய்க் கொடுத்தேன். அங்கிருந்த அம்மையார் ஐந்தே நிமிடத்தில் புரிந்துகொண்டார்.

கட்டுரைக்காக அவள் படித்தவற்றை இரவு உணவின்போது எங்களுக்கும் சொல்வாள். 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கிராமப்புற வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் இல்லை. வீடுகள் தள்ளித் தள்ளி இருந்ததால் அங்கே கம்பி இழுப்பது தனியார் நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதிபர் ரூஸ்வெல்ட் 1935இல் கிராமப்புற மின்மயமாக்க நிர்வாகத்தை உருவாக்கினார்; அது தந்த கடனைக் கொண்டு விவசாயிகளே சங்கம் அமைத்துத் தங்கள் ஊர்களுக்குக் கம்பி இழுத்துக்கொண்டார்கள். இதைப் படித்துவிட்டு, எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்த நாளைப் பற்றி என் அப்பாவிடம் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசி, அதைத்தான் கட்டுரையின் தொடக்கமாக வைத்தாள்.

நேர்காணலில் நடுவர்கள் மூன்று பேர். வரலாற்றுக் கேள்விகளைத் தாண்டிவிட்டாள். "உரிமையாளர் என்ற முறையில் உன் குடும்பம் இந்தச் சங்கத்துக்கு என்ன செய்திருக்கிறது?" என்று ஒருவர் கேட்டபோது திணறி, பிறகு, ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்றிருந்தும் இயக்குநர் தேர்தலுக்கான வாக்குச்சீட்டைத் தன் தந்தை ஆண்டுதோறும் விளம்பரத் தாள்களோடு குப்பையில் போட்டுவிடுகிறார் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். மூவரும் சிரித்துவிட்டார்களாம். காரில் வரும்போது இதை அவள் சொல்லக் கேட்ட எனக்குத்தான் முகம் சிவந்தது.

இரண்டு வாரங்களில் தேர்வுக் கடிதம் வந்தது. பயணத்தைப் பற்றி அவள் எழுதினால்தான் சரியாக இருக்கும். லிங்கன் நினைவகத்தையும் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தையும்விட, ரூஸ்வெல்ட் நினைவகத்தில் வானொலிப் பெட்டிக்கு முன் குனிந்து அமர்ந்து கேட்கும் மனிதரின் சிலை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாநிலத்துக்கு ஒருவராக அமையும் தேசிய இளைஞர் தலைமைக் குழுவுக்கும் முயன்றாள், கிடைக்கவில்லை. இரண்டு நாள் முகம் வாடியிருந்தது.

அடுத்த ஆண்டு மகன் விண்ணப்பிக்கப் போகிறான். அவனுக்கும் கடைசிப் பெயர் என் பெயர்தான் என்பதால், அந்த விளக்கக் கடிதத்தின் நகலைக் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.