ஜிபிஏ கட்டத்தில் என்ன எழுதுவது?

நான் இளங்கலை படித்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1970இல் வகுப்புகள் தொடங்கிய ஹாம்ப்ஷர் கல்லூரியில். அங்கே ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசி நம் படிப்பை நாமே வகுத்துக்கொள்வோம். கிரேடு கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் மதிப்புரை எழுதித் தருவார். கடைசி ஆண்டு ஒரே ஆய்வில் போகும். அதை டிவிஷன் 3 என்பார்கள். நான் எடுத்துக்கொண்டது எங்கள் ஊர்க் கண்மாயும் அதன் நீர்ப் பங்கீடும்.

நீரியலில் முதுகலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல். ஒரு பல்கலைக்கழகத்தின் படிவத்தில் ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, கேட்கும் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை. 0 என்று போடக் கை வரவில்லை. சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிப் பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். ‘0 போடுங்கள், விளக்கத்தைத் தனியாக இணையுங்கள்’ என்று பதில் வந்தது. சரி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் உண்மையான கவலை கட்டம் இல்லை. கால்குலஸ், வேதியியல், இயற்பியல் படித்தேனா என்றுதான் துறையில் பார்ப்பார்கள். ஆய்வுக்குள்ளேயே கற்ற கணக்கு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாம் ஆண்டிலேயே என் ஆசிரியை, "இந்த மூன்றையும் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படி" என்று விடாமல் சொன்னார். சுற்றுவட்டாரத்தில் ஐந்து கல்லூரிகளுக்கு இடையே ஒப்பந்தம் உண்டு. தனிக் கட்டணம் இல்லை, பஸ்ஸும் ஓடும். பனியில் பஸ்ஸுக்கு நின்று படித்த அந்த மூன்று பாடங்களுக்கு மட்டும்தான் என்னிடம் ஏ, பி என்ற எழுத்துக் கிரேடு இருந்தது. என்னைக் காப்பாற்றியது அதுதான். சொந்தமாகப் பட்டம் வகுக்கும் யாரும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம், மதிப்புரைக் கட்டை அப்படியே அனுப்பினால் யாரும் முழுதாகப் படிக்கப்போவதில்லை. இரண்டு பக்க அட்டவணை ஒன்று தயாரித்தேன். இடப்பக்கம் நான் வைத்த தலைப்பு, வலப்பக்கம் துறைக்காரர்களுக்குப் பழகிய பெயர். ‘கண்மாயும் கிணறும்’ என்பதற்கு எதிரே, ‘புள்ளியியல்: 40 கிணறுகளின் நீர்மட்டம், ரிக்ரஷன்’. அதன் கீழே மதிப்புரையிலிருந்து ஒரே ஒரு வரி. பரிந்துரைக் கடிதத்திலும், கிரேடு உள்ள கல்லூரி மாணவர்களோடு ஒப்பிட்டு எழுதும்படி ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டேன்.

ஆறு இடங்களுக்குப் போட்டேன், இரண்டில் கிடைத்தது. சேர்ந்த இடத்தில் ஒரு நிபந்தனை: வகைக்கெழுச் சமன்பாடுகளை முதல் செமஸ்டரிலேயே முடிக்க வேண்டும். இப்போது அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நேர்காணலில் என் அட்டவணையைக் கையில் வைத்திருந்த பேராசிரியர் முதலில் கேட்டது, அந்த 40 கிணறுகளையும் எப்படி அளந்தாய் என்று.