எஸ்டேட் மைதானத்தில் கால் வைக்கும் முன்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் ஆட்டம் நின்றுபோன கால்பந்து மைதானம் பார்க்கப் போகிறவர்களுக்கு. முதலில் அனுமதி. எஸ்டேட் நிலமானால் ஆபீசில் கேளுங்கள், வனத்துறை நிலமானால் கேட்காமல் நுழையவே கூடாது. வெயில் ஏறிய பிறகு போய் நாலு மணிக்குள் திரும்பிவிடுங்கள். ஓரத்து உண்ணிச்செடிப் புதரில் கரடி பகலிலும் படுத்திருக்கும், சத்தம் கொடுத்துக்கொண்டே நடங்கள்.

மலையில் மைதானம் என்றால் பெரும்பாலும் மேல்பக்கம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரவியதுதான். கொட்டிய மண் வருஷக்கணக்கில் அமுங்கும். கீழ் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு தெரிந்தால் அங்கே நிற்கவே வேண்டாம், மழையில் மொத்தமாகச் சரியும்.

மேல்பக்கம் வேறு கதை. வெட்டிய சரிவின் அடியில் ஓடும் கால்வாய் தூர்ந்துபோனால் தண்ணீர் மைதானத்துக்குள் பரவும். கோரை முளைத்திருக்கும் இடமெல்லாம் தண்ணீர் தேங்கும் இடம்.

கோல் கம்பம் நின்றால் டேப் பிடித்துப் பாருங்கள். கம்பங்களுக்கிடையே 7.32 மீட்டர், குறுக்குக்கம்பியின் அடிவரை 2.44 மீட்டர். அகலம் சரியாக இருந்து உயரம் குறைந்தால், வண்டல் அவ்வளவு ஏறியிருக்கலாம், அல்லது கம்பம் இறங்கியிருக்கலாம். தொங்கிப் பார்க்காதீர்கள். இரும்புக்குழாய் மண்ணைத் தொடும் இடத்தில்தான் துரு தின்றிருக்கும், மேலே பெயிண்ட் நன்றாகவே தெரியும்.

மறுபடி ஆடும் எண்ணம் இருந்தால் முதல் வேலை கால்வாய்தான். அதைத் தூர் வாராமல் புல் வெட்டுவது வீண் கூலி.