தங்கூசி வலையும் டூவல் ஐஎஸ்ஓவும்: ஒன்பதாவது காலையில் சரிவந்தது

நேற்றுப் பின்னேரம் சின்ன மாமாவுக்கு, அவர் வாவியில் வலை வீசுவதை நான் எடுத்த பதினொரு செக்கன் வீடியோவை லப்டொப்பில் போட்டுக் காட்டினேன். ஒருதரம் பார்த்தார், இன்னொருதரம் போடச் சொன்னார். மறுகா திரையில் விரலை வைத்து, "மனே, இடப்பக்கம் ரெண்டு கண் அறுந்திருக்கு பார்" என்றார். வீட்டு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த தங்கூசி (நைலோன் நூல்) வலையை விரித்துப் பார்த்தோம். இடப்பக்கம் இரண்டு கண் அறுந்துதான் இருந்தது! வெளிச்சத்துக்கு எதிராக விரியும் வலையில் கண் கண்ணாக நூல் தெரியவேண்டும் என்றுதான் இரண்டு மாதமாக அலைகிறேன். அதனால் இதை உடனே எழுதிவைக்கிறேன்.

கமரா பழைய கனன் 5டி மார்க் 3. கனன் கமராக்களுக்குக் கூடுதல் வசதிகள் தரும் மஜிக் லான்டர்ன் என்ற இலவச மென்பொருளை ஏற்றுவது, அதற்காகக் கமராவின் உள் மென்பொருளை 1.1.3 அல்லது 1.2.3 பதிப்புக்கு இறக்குவது எல்லாம் பலருக்குத் தெரிந்ததே. இடம் மட்டக்களப்பு வாவிக்கு மேலான கல்லடிப் பழைய பாலம், 1924இல் திறந்த அந்த இரும்புப் பாலம்தான். நகரப் பக்கக் கரையில் ட்ரைபொட். கிழக்கே கல்லடித் தென்னைகளுக்கு மேலால் சூரியன் ஏறும். நடுவே தோணியில் மாமா, கையில் வீச்சுவலை. வானம் கொதிக்கும், மாமாவின் முகமும் தோணியின் இந்தப் பக்கமும் கறுத்துக் கிடக்கும். 14 பிட் ரோவிலேயே (சென்சர் தருவதை அப்படியே பதிவது) எடுத்தாலும், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற அளவு) 100இல் அந்தக் கறுப்பை உயர்த்தினால் கோடுகோடாக இரைச்சல் வந்துவிடும்.

முதல் மூன்று காலையும் எச்டிஆர் வீடியோவில் போயின. அதில் ஒரு பிரேம் குறைந்த ஐஎஸ்ஓ, அடுத்த பிரேம் கூடிய ஐஎஸ்ஓ என்று மாறி மாறி எடுத்துப் பிறகு சேர்க்கவேண்டும். பாலத்துக்கு அருமையாக வந்தது. வலைக்கு வரவே இல்லை. 25 பிரேமில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே செக்கனில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. வலை செக்கனுக்கு ஐந்து மீற்றர் வேகத்தில் பறந்தால் அதற்குள் இருபது சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுகிறது. ஆக, இரண்டு வலை தெரிந்தது. இடைப் பிரேமை மென்பொருளைக் கொண்டு கணித்துப் பார்த்தேன், நூல்கள் பாகுபோல உருகி ஒட்டிக்கொண்டன. அசையாத பொருளுக்கு மட்டும்தான் அந்த முறை.

டூவல் ஐஎஸ்ஓ அப்படி இல்லை. ஒரே பிரேமுக்குள் இரண்டு வரி ஐஎஸ்ஓ 100, அடுத்த இரண்டு வரி 1600 என்று சென்சரையே பிரித்து வாசிக்கிறது. நேரம் ஒன்றுதான், பேய்போல இரட்டை உருவம் விழாது. 2013இல் வந்தபோது 5டி மார்க் 3 ஒரே படத்தில் பிடிக்கும் வெளிச்ச வீச்சு 11 ஸ்டொப்பிலிருந்து (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) 14 வரை போகலாம் என்று அதை எழுதியவர் விளக்கியிருந்தார். இந்தக் கமராவில் இன்னொரு நன்மையும் உண்டு: 1080 வரி வீடியோவில் வரிகளைத் தாண்டாமல் மூன்றுக்கு மூன்றாகப் பிக்சல்களைச் சேர்த்து வாசிப்பதால் மொய்ரே (நுண்ணிய கோடுகளில் விழும் பொய்யான அலைக்கோலம்) குறைவு.

ஆனால் நாலாவது காலை 100/1600 வைத்து எடுத்ததைத் திறந்தபோது வலை முழுக்கப் படிக்கட்டு. ஒவ்வொரு நூலும் வாள்பல்லுப்போல. ஐந்தாவது, ஆறாவது காலையும் அதே கதை. இந்த ரோ வீடியோவைத் திறக்கும் எம்எல்வி அப் மென்பொருளில், வரிகளைச் சேர்க்கும் அமேஸ் (AMaZE), மீன் (mean) என்ற இரண்டு முறைகளையும் மாற்றினேன், அலியாஸ் மப் என்ற தெரிவைப் போட்டும் எடுத்தும் பார்த்தேன். கொஞ்சம் மென்மையாகும், படிக்கட்டு போகாது. பிழை அங்கே இல்லை, எடுக்கும் இடத்திலேயே இருந்தது என்று பிடிபட எனக்கு ஒரு கிழமை போனது.

விஷயம் இதுதான். 100க்கும் 1600க்கும் இடைவெளி நாலு ஸ்டொப். வெளிச்சத்தின் உச்சியிலிருந்து கீழே நாலு ஸ்டொப் வரை உள்ள எதுவும் 1600 வரிகளில் எரிந்து வெறும் வெள்ளையாகிவிடும். அந்தப் பகுதிக்கு 100 வரிகள் மட்டும்தான் மிச்சம், அதாவது 1080 வரியில் 540. மிக ஆழமான இருட்டில் இதற்கு எதிர்மாறு, 1600 வரிகள் மட்டும். இரண்டும் பேசும் நடுப் பகுதியில்தான் முழுக் கூர்மை கிடைக்கும். அப்படியானால் என் வலை நூல் எந்தப் பகுதியில் விழுகிறது? இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கவேண்டும்.

ஏழாவது காலை வீடியோ எடுக்கவே இல்லை. மாமாவின் வலையை நனைத்து முற்றத்தில் இரண்டு கம்புக்கு நடுவே கட்டி, சூரியன் பின்னால் வரும்படி நின்று அளந்தேன். ஒரு புள்ளியின் வெளிச்சத்தை அளக்கும் மஜிக் லான்டர்னின் ஸ்பொட்மீற்றரை ரோ ஈவி என்ற அளவுக்கு மாற்றினால், அந்தப் புள்ளி எரியும் எல்லையிலிருந்து எத்தனை ஸ்டொப் கீழே என்று நேராகவே காட்டும். இந்த அளவை நான் இவ்வளவு நாளும் தொட்டதில்லை. இப்போது அதுதான் எனக்கு முதல் கருவி. வானத்தை எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்தியபோது, நனைந்து மின்னும் தங்கூசி ஏறக்குறைய மூன்று ஸ்டொப் கீழே நின்றது. 1600இல் அது எரிந்தே போகும். 800 வைத்தால் சரியாக விளிம்பில் நின்று, நூல் அசைய அசைய உள்ளே வெளியே போய் மினுமினுக்கும். 400 வைத்தால்? இடைவெளி இரண்டு ஸ்டொப்தான், நூல் பாதுகாப்பாக நடுப் பகுதிக்குள்.

எட்டாவது காலை மழை. ஒன்பதாவது காலை 100/400, 1/50, எஃப் 5.6. மாமா மூன்றுதரம் வீசினார், இரண்டாவது வீச்சு முழு வட்டமாக விரிந்தது. அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை, அவருக்கு மணலை மீன் பிடித்து விற்கவேண்டும். இருட்டில் கிடைத்த ஆதாயம் 1600 தருவதைவிடக் குறைவு, ஆனாலும் ஒன்றரை ஸ்டொப்புக்குக் குறையாது. முகம் தெரிகிறது, தாடியில் தண்ணீர் தெரிகிறது. படிக்கட்டு இல்லை. 275 பிரேமையும் என் லப்டொப் அரைத்து முடிக்க ஒன்பது நிமிடம் எடுத்தது, நான் எழும்பாமல் பக்கத்திலேயே இருந்தேன்.

கமராவில் போடும் மெமரி காட் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1920க்கு 1080, 14 பிட், 25 பிரேம் என்றால் செக்கனுக்கு 91 எம்பி அளவில் எழுதவேண்டும். இந்தக் கமராவில் சின்ன எஸ்டி காட் போடும் பக்கம் அதைத் தாங்காது, வேகமான சிஎஃப் (கொம்பக்ட் பிளாஷ்) காட்தான் வேண்டும். 64 ஜிபியில் பன்னிரண்டு நிமிடம்கூடப் பிடிக்காது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கேட்டுப் பார்த்தேன், சிஎஃப் என்றாலே கடைப் பொடியன்கள் முழிக்கிறார்கள். கொழும்பில் ஒரு கடையில் 1000எக்ஸ் வேகம் என்று அச்சடித்துத் தந்த காட் மூன்றாவது செக்கனில் நின்றது, திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். அந்தக் காசு எனக்கு இன்னும் வலிக்கிறது. இப்போது பாவிப்பது கலியாண வீடியோ எடுக்கிற அண்ணன் ஒருவர் பாவித்து வைத்திருந்த காட், ஒரு பிரேம்கூட விட்டதில்லை. வாங்கமுன் உங்கள் கமராவில் போட்டு மஜிக் லான்டர்னின் பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையை ஓடவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நிற வேலை இன்னும் முடியவில்லை. சினிமாடிஎன்ஜி என்ற ரோ கோப்பு வடிவில் எடுத்து, நிறம் திருத்தும் டாவின்சி ரிசோல்வ் மென்பொருளில் போட்டிருக்கிறேன். வாவித் தண்ணீர் என் திரையில் அளவுக்கு மீறிப் பச்சையடிக்கிறது. தோணிக்கு வலப்பக்கம், சூரியன் தண்ணீரில் பட்டு எரியும் இடத்தில், பிரேமுக்குப் பிரேம் சின்ன மினுக்கம் ஒன்று மிச்சம். ஒவ்வொரு பிரேமிலும் இரண்டு ஐஎஸ்ஓவையும் தனித்தனியாகப் பொருத்துவதால் வருகிறது என்று நினைக்கிறேன். அடுத்தமுறை அந்தப் பளபளப்பைப் பிரேமுக்கு வெளியே தள்ளி வைத்து எடுத்துப் பார்ப்பேன்.

அதற்குள் மனம் பௌர்ணமிக்குப் போய்விட்டது. நிலவு நாளில் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று மாமா சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். அவர் துடுப்பில் காது வைத்திருக்கும் முகத்தை நிலவு வெளிச்சத்தில் எடுக்கவேண்டும். அங்கே வானமும் இருட்டு, முகமும் இருட்டு. டூவல் ஐஎஸ்ஓ தேவையே இல்லாமல் வெறும் 14 பிட் ரோவும் 50 மிமீ எஃப் 1.8 லென்சும் போதுமா என்று இன்றிரவு முற்றத்தில் தம்பியை நிறுத்தி அளந்து பார்க்கப்போகிறேன்.